சிமெண்ட் போட்ட இடுப்பு, போடாத இடுப்பு

இடுப்பு மூட்டு ஆபரேஷனில் டாக்டருக்கு எலும்போடு வேலை, எனக்கு எலும்பைச் சுற்றி நிற்கிற சொந்தக்காரர்களோடு வேலை. திண்டிவனத்தில் நாலு வருஷம், இப்போது விழுப்புரத்தில். ஆபரேஷனுக்கு முன்னால் குடும்பத்தை உட்கார வைத்து விளக்கிச் சொல்கிற கவுன்சலர் நான். சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். எலும்பு பலவீனமாக இருந்தால் செயற்கை மூட்டைப் பெரும்பாலும் எலும்புச் சிமெண்ட் வைத்துப் பதிப்பார்கள். திடமாக இருந்தால் சிமெண்ட் இல்லாமல் இறுக்கிப் பொருத்துவார்கள். எலும்பே வளர்ந்து பிடித்துக்கொள்ளும். பேங்கிலோ ரேஷன் கடையிலோ தினமும் விளக்கம் சொல்லித் தொண்டை வற்றுகிறவர்களே, அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும்.

மருமகன் கொத்தனார்

கிளியனூர் அம்மாளுக்கு எழுபதைத் தாண்டிய வயசு. வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. சிமெண்ட்தான் என்றார் டாக்டர். கூட வந்த மருமகன் கொத்தனார். "ஒண்ணுக்கு நாலா, ஒண்ணுக்கு ஆறா மேடம்? எத்தினி நாளு தண்ணி ஊத்தணும்?" என்று ஆரம்பித்தார். இது மணல் கலக்கிற சிமெண்ட் இல்லை, ஒரு மாதிரி பசை, கால் மணி நேரத்தில் இறுகிவிடும் என்றேன். அவர் நம்பவில்லை.

அம்மாளோ ஆபரேஷனே வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். தள்ளிப்போட்டால் எழுந்திருக்கவே முடியாமல் போகலாம். மகள் அழுதுகொண்டே இருந்தாள். மறுநாள் காலை மருமகன் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து அம்மாள் என் கையைப் பிடித்தார். "அவரு பூசுன பாத்ரூம் தரையிலதாம்மா நான் வுழுந்தேன்" என்றார். சிமெண்ட்டை மருமகன் கலக்க மாட்டார், டாக்டர்தான் கலக்குவார் என்றேன். உடனே கைநாட்டு வைக்கக் கட்டைவிரலை நீட்டினார்.

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாம்மா உனுக்கு?"

கரையில் ஏற்றி

மரக்காணம் பக்கத்து மீனவருக்கு நாற்பது வயசுகூட ஆகவில்லை. ரத்த ஓட்டம் குறைந்து இடுப்பு மூட்டின் பந்து முனை நசுங்கிவிட்டது. ஒரு வருஷமாகக் கடலுக்குப் போகவில்லை. கேட்கிறவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தார். சிமெண்ட் இல்லாத மூட்டு, மேல்புறம் சொரசொரப்பாக இருக்கும், எலும்பு அதன்மேல் வளர்ந்து கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் என்று விளக்கினேன். முதல் தடவையாக அவர் முகம் தெளிந்தது. படகுக்கு அடியில் சிப்பி ஒட்டிக்கொள்கிற மாதிரியா என்று கேட்டார். ஏறக்குறைய அப்படித்தான் என்று பெருமையாகத் தலையாட்டினேன். அவர் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"அப்போ வருசத்துக்கு ஒருதபா என்னையும் கரையில ஏத்திச் சுரண்டுவீங்களா?"

பக்கத்துக் கட்டில்

ஒரு டீச்சருக்குச் சிமெண்ட் இல்லாமல் பொருத்தினோம். பக்கத்துக் கட்டில் பெரியம்மாவுக்குச் சிமெண்ட். பெரியம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வராந்தா வரை போய்வந்தார். டீச்சர் வாசற்படியோடு திரும்பிவிட்டார். டீச்சரின் கணவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "அவங்களுக்குப் போட்டீங்க, எங்களுக்கு மட்டும் இல்லன்னா இன்னாங்க நியாயம்?" வார்டே வேடிக்கை பார்த்தது. டாக்டர் வந்து எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, எலும்பு நன்றாக இருக்கிறது, சிமெண்ட் தேவையே இல்லை, நடை தானாக வரும் என்று பொறுமையாகச் சொன்னார். கணவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். டாக்டர் நகரும்போது குரலைத் தாழ்த்தினார்.

"புரியுதுங்க டாக்டர். இருந்தாலும் மேலாப்புல லேசா பூசி வுட்டுடுங்களேன்."

பீப்

கோட்டக்குப்பத்துப் பாய்க்கு ஒரே கவலை. துபாயில் மகளுக்குப் பிரசவம்; பிள்ளை பிறப்பதற்குள் போய்ச் சேர வேண்டும். மூட்டு வலியோடு விமான நிலையம் முழுக்க நடக்க முடியாது, மூட்டை மாற்றினாலோ உள்ளே இரும்பு இருக்கிறது என்று பிடித்துவிடுவார்கள் என்று மாசக்கணக்காகத் தள்ளிப்போட்டிருந்தார். ஒருவழியாக ஆபரேஷன் முடிந்தது. டாக்டரிடம் கடிதம் வாங்கிக் கொடுத்து, என்ன சொல்ல வேண்டும் என்று மூன்று நாள் ஒத்திகையும் பார்த்தேன். பேரனைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர் பேரீச்சம்பழத்தோடு வந்தார். கடிதம் லக்கேஜில் போட்ட பெட்டிக்குள் போய்விட்டதாம்.

"பீப் அடிச்சிச்சிம்மா. உள்ள இன்னாருக்குதுன்னு கேட்டான், விழுப்புரம்னேன், வுட்டுட்டான்."

சிமெண்ட் போட்டாலும் போடாவிட்டாலும் மூட்டு ஒழுங்காகப் போய் உட்கார்ந்துவிடுகிறது, என் விளக்கம்தான் எந்த மண்டையிலும் உட்காரமாட்டேன் என்கிறது.