அண்ணை சொன்ன நாள்

முப்பத்தைந்து வருடம் நான் நேரத்தைக் கட்டி மேய்த்தவன். சோதிடம் பார்க்கவில்லை, மென்பொருள் வடிவமைத்தேன். ஒரு கப்பல் எந்தத் துறைமுகத்திலிருந்து எத்தனை மணிக்கு வெளிக்கிடும், அதில் இருக்கிற பெட்டி எந்த நாளில் எந்த ஊரில் இறங்கும் என்பதை உலகம் முழுவதும் ஒரே கணக்கில் வைத்திருக்கிற மென்பொருள். கொழும்பில் தொடங்கிச் சிங்கப்பூரில் முடிந்த உத்தியோகம். கடைசிப் பத்து வருடம் அந்தக் கம்பனிக்குத் தொழில்நுட்பத் தலைவனாக இருந்தேன். இப்போது புத்தூரில், பிறந்த வீட்டின் முன் அறையில் இருக்கிறேன். என் வயதுக்காரர்கள் பழைய கதை எழுதினால் தங்கள் கெட்டித்தனத்தைத்தான் எழுதுவார்கள். எனக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் போன மாதம் நடந்ததை விட்டுவிட்டு அதை மட்டும் எழுதினால் என் தங்கச்சி சிரிப்பாள்.

ஆனாலும் கொஞ்சம் பெருமை பேசத்தான் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொழும்பில் முதல் வேலை. கணினி இருந்த அறைக்குள் போவதென்றால் கோயிலுக்குப் போகிற மாதிரிச் செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே அப்படி ஒரு குளிர். வெங்காயத் தோட்டத் தறையில் வெயில் குடித்து வளர்ந்த உடம்பு இது. முதல் நாளே தடிமன் பிடித்துவிட்டது. இரண்டாம் நாள் கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு போனேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு கிழமைக்குள் சிரித்தவர்களில் பாதிப் பேர் மப்ளரோடு வந்தார்கள். அந்த இயந்திரம் ஓடும்போது நிலமே மெல்ல அதிரும். நான் எழுதிய முதல் நிரல் சரியாக ஓடி, தாள் சரசரவென்று வெளியே வந்த அந்தப் பின்னேரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிறையும். அதற்குப் பிறகு எவ்வளவோ பெரிய வேலைகள் செய்துவிட்டேன். அந்தச் சந்தோசம் திரும்ப வரவில்லை.

சிங்கப்பூரில் எனக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரு சின்னக் கப்பல். பசிபிக் கடலில் இரண்டு தீவுகளுக்கு இடையில் ஓடுவது. ஒரு தீவில் புதன்கிழமை காலமை வெளிக்கிட்டு, சர்வதேச நாட்கோட்டைக் கடந்து, மற்றத் தீவில் செவ்வாய்க்கிழமை பின்னேரம் போய்ச் சேர்ந்துவிடும். வெளிக்கிட முன்னரே வந்து சேர்ந்த கப்பலை எங்கள் மென்பொருள் ஏற்கமாட்டேன் என்று அடம்பிடித்து நின்றது. எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்க, நான் வெள்ளைப் பலகையில் ஒரு வரி எழுதினேன்: உள்ளே ஒரே நேரம், வெளியே அவரவர் நேரம். கணக்கு ஒரே கடிகாரத்தில் நடக்கும், திரையில் மட்டும் அந்தந்த ஊர் நேரம் தெரியும். அந்த ஒரு வரியில்தான் பிறகு கம்பனியே நின்றது. எங்கே நாள் குழப்பம் வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

எனக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. புதிய வடிவமைப்பை விளக்கி முடித்ததும் மேசையில் ஒரு சிவப்புப் பேனாவை வைப்பேன். "ஆராவது ஒரு பிழையாவது காட்டாமல் ஒருத்தரும் எழும்பக்கூடாது" என்பேன். எங்கள் குழுவில் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கிற ஒரு சீனப் பெண் இருந்தாள். அவள்தான் முதலில் பேனாவை எடுப்பாள். முகத்துக்கு நேரே, "இது பிழை, இதுவும் பிழை" என்று சுழித்துத் தள்ளுவாள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். ஆனால் அவள் சொன்னது சரியாகத்தான் இருக்கும். அவள் கலியாணம் முடித்து வேறு நாட்டுக்குப் போன பிறகு பேனா மேசையில் சும்மா கிடந்தது. ஒருத்தரும் தொடவில்லை. எனக்குத் தொழில் முற்றிவிட்டது, இனிப் பிழையே வராது என்று நான் நினைத்துக்கொண்டேன். என்ன விசரன் நான்!

இனி வீட்டுக் கதை. நாங்கள் மூன்று பேர். நான் மூத்தவன். அடுத்தது தங்கச்சி, பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வெடுத்தவள். அம்மாவோடு கடைசிவரை இருந்தவள் அவள்தான். கடைக்குட்டித் தம்பி கனடாவில்.

அப்பாவுக்கு மூத்த மகன் கொள்ளி வைக்க வேண்டும், அம்மாவுக்கு இளையவன். அதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். எங்கள் வீட்டில் இரண்டும் மாறிப்போனது. அப்பா செத்தபோது நான் வரவில்லை. சண்டையால் பாதை பூட்டு என்று எல்லோருக்கும் சொன்னேன். அது பாதி உண்மை. மற்றப் பாதி, அந்தக் கிழமை ஒரு பெரிய துறைமுகம் எங்கள் மென்பொருளுக்கு மாறிக்கொண்டிருந்தது. நான் விட்டுவிட்டு வர விரும்பவில்லை. மீசை சரியாக அரும்பாத தம்பிதான் அப்பாவுக்குக் கொள்ளி வைத்தான். போன வருடம் அம்மா போனபோது தம்பி ரொறன்ரோவில் நெஞ்சு ஒப்பரேசன் முடிந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தான். ஓய்வு பெற்று அப்போதுதான் ஊருக்கு வந்திருந்த நான் அவனுக்குப் பதிலாக வைத்தேன். ஃபோனில் அவன் குழறிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. "அண்ணை, ஆட்டைத் திவசத்துக்கு எண்டாலும் நான் வந்து என்ரை கையாலை செய்யவேணும்" என்றான்.

ஆட்டைத் திவசம் என்பது முதல் வருட நினைவு. செத்த திகதியில் அல்ல, செத்த திதியில் வரும். சந்திரக் கணக்கு. நாள் கணக்கென்றால் நானல்லவா? மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து இரண்டு கிழமை இருந்து ஒரு சின்ன மென்பொருள் எழுதினேன். அம்மாவின் மூச்சு நின்ற நேரத்தைக் கொடுத்தேன். வியாழக்கிழமை என்று வந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். உடனே எல்லாத் திசையிலிருந்தும் கும்பிடு போட்ட கைகள். "அண்ணை சொன்னாச் சரி" என்று தம்பி எழுதினான். புதன்கிழமை பின்னேரம் புத்தூரில் நிற்கிற மாதிரி டிக்கெற் போட்டுவிட்டதாகவும் எழுதினான். அடுத்த அறையில் இருந்த தங்கச்சியும் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

செவ்வாய்க்கிழமை காலமை ஐயர் வீட்டுக்குப் போனேன், சாமான் லிஸ்ற் வாங்க.

"நாளைக்கு எத்தினை மணிக்கு வசதி?" என்று கேட்டார்.

"நாளைக்கோ? வியாழனெல்லோ ஐயா?"

"புதன். வியாழன் உங்களுக்கு ஆர் சொன்னது?"

எனக்குச் சுருக்கென்றது. "நான்தான் கணிச்சனான். சந்திரன் எங்கை நிக்குதெண்டு கொம்பியூட்டருக்குச் செக்கன் கணக்கிலை தெரியும் ஐயா."

"சந்திரனுக்கு அது சரி. உங்கடை வீட்டுக்குச் சரி வரவேணுமே?" என்றார், பஞ்சாங்கத்தை மடியில் விரித்தபடி. "உங்கடை கணக்குத் திருக்கணிதம். உங்கடை வீட்டிலை பரம்பரையா வாக்கியம்."

இந்த இரண்டு பஞ்சாங்கமும் யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் தெரிந்த விசயம். வாக்கியம் பழைய சூத்திரத்தில் கணிப்பது, திருக்கணிதம் வானத்தைப் பார்த்துத் திருத்திய கணக்கு. திதி தொடங்குகிற நேரம் சில மணித்தியாலம் விலகும். சில வருடம் அதனால் நாளே மாறிவிடும். ஒவ்வொரு வீடும் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கும். நான் ஊருக்கு வந்த பிறகு வந்த அப்பாவின் திவசத்துக்கு இரண்டும் ஒரே நாளாக அமைந்தபடியால் எனக்கு இது தட்டுப்படவே இல்லை. ஒரு வரி எழுத முன்னர், பாவிக்கப் போகிறவனிடம் போய்க் கேள் என்று இருநூறு பேருக்குப் படிப்பித்தவன் நான். என் வீட்டில் ஒருத்தரிடமும் கேட்கவில்லை.

மோட்டார் சைக்கிளை எப்படி வீட்டுக்குக் கொண்டுவந்தேனோ தெரியாது. என் கணக்குப்படி தம்பி அப்போது ஆகாயத்தில் இருந்தான். அவன் புதன் பின்னேரம் வந்து வாசலில் நிற்கும்போது எல்லாம் முடிந்து இலையும் எடுத்தாகியிருக்கும். ஒரு வருடமாக அந்த ஒன்றுக்காகவே உடம்பைத் தேற்றிக்கொண்டிருந்தவன். அவன் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்?

தங்கச்சி குசினியில் முருக்கங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் நிமிரவில்லை. கையைக் கழுவிவிட்டு உள்ளே போய் ஒரு மெல்லிய புத்தகத்தைக் கொண்டுவந்து தந்தாள். அம்மாவின் கல்வெட்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று வந்தவர்களுக்கெல்லாம் அச்சடித்துக் கொடுக்கிற நினைவுப் புத்தகம். முதல் பக்கத்தில் அம்மாவின் படம், அதற்குக் கீழே திதி வெண்பா. செத்த மாதம், பட்சம், திதி எல்லாம் நாலு வரியில், வாக்கியக் கணக்கில், கொட்டை எழுத்தில் இருந்தது. அச்சகத்துக்குப் போய்ப் படத்தின் நிறம் சரியில்லை என்று சண்டை பிடித்தவன் நான்தான். அந்த நாலு வரியை வாசிக்கவில்லை.

"உனக்கு முதலே தெரியுமோ?"

"ஓம்."

"பிறகேன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"நீங்கள் இவ்வளவு சனத்துக்கு முன்னாலை போட்டிட்டியள். அதுக்குக் கீழை போய் அண்ணை பிழை எண்டு நான் எழுதிறதே?"

"அதுக்காக? இப்ப தம்பிக்கு என்ன சொல்லுறது? அவன் பறந்துகொண்டிருக்கிறான்!" நான் கத்திவிட்டேன்.

அவள் திரும்பவும் முருக்கங்காயை எடுத்தாள். "அவன் ஞாயிற்றுக்கிழமையே கொழும்பிலை இறங்கியிட்டான். சிநேகிதன் வீட்டிலை நிண்டவன். இண்டைக்கு றெயினிலை வாறான். மத்தியானம் சுன்னாகம் ஸ்ரேசனுக்கு ஓட்டோ சொல்லியிருக்கு."

"எப்பிடி? புதனெண்டெல்லோ எழுதினவன்?" என்றேன்.

"நீங்கள் நாள் போட்ட அண்டைக்கே அவனுக்குத் தனிய ஃபோன் பண்ணிச் சொல்லிப்போட்டன். ஐயரிட்டையும் நான்தான் சொன்னனான், நீங்களா அண்ணைக்குச் சொல்லுங்கோ எண்டு. உங்களுக்கு ஒரு மாதிரி இருக்கக் கூடாதெண்டு பாத்தம்."

சிரிப்பதா, அவமானத்தில் சாவதா என்று தெரியவில்லை. ஆனால் தம்பி வந்துவிட்டான் என்ற ஆறுதலில் அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். அந்தக் கதிரையில் இருந்தபோதுதான் சிங்கப்பூர் மேசையில் சும்மா கிடந்த பேனா ஞாபகம் வந்தது. பிழை வராமல் போகவில்லை. என்னிடம் சொல்லாமல் ஆரோ திருத்தியிருக்கிறார்கள். என் பெயரில் ஓடிய கப்பல்களில் எத்தனையை, எனக்குத் தெரியாமல், எந்தெந்தப் பிள்ளைகள் நாள் மாற்றி விட்டார்களோ! இனி அவர்களைத் தேடிப் பிடித்து நன்றி சொல்லவும் முடியாது.

ஓட்டோவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானே ஸ்ரேசனுக்குப் போனேன். தம்பி மெலிந்திருந்தான். என்னைக் கண்டதும் திடுக்கிட்டு, "அண்ணை, லீவு முந்திக் கிடைச்சுது, அதுதான்..." என்று தொடங்கினான்.

"போதும், நடிக்காதை. எல்லாம் தெரியும்" என்று பையை வாங்கிக்கொண்டேன். இரண்டு பேரும் பிளாட்போமில் நின்று சிரித்த சிரிப்பில் சனம் திரும்பிப் பார்த்தது.

புதன்கிழமை அவன் கிணற்றில் முழுகி, ஈர வேட்டியோடு வந்து ஐயருக்கு முன்னால் இருந்தான். விரலில் தருப்பை. எள்ளும் தண்ணீரும் மெதுவாக, கவனமாக இறைத்தான். ஒரு துளி நிலத்தில் சிந்தவில்லை. நான் பின்னால், சுவரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் உத்தியோகத்தில் ஒரு நாளும் கிடைக்காத நிம்மதி எனக்கு அப்போது கிடைத்தது.

சாப்பிட்டு முடிந்து நாங்கள் மூன்று பேர் மட்டும் இருக்கும்போது கேட்டேன்: "இதுக்கு முந்தியும் எனக்கு இப்பிடிச் செய்திருக்கிறியளோ?"

தம்பி அக்காவைப் பார்த்தான். அவள் இலையை மடித்தாள்.

"சொல்லு. நான் கோவிக்க மாட்டன்."

"அப்பான்ரை திவசம்" என்றாள். "ஊருக்கு ஃபோன் திரும்ப வந்த காலத்திலையிருந்து நீங்கள் வருசா வருசம் எடுத்து, திவசம் நடக்குதோ எண்டு கேப்பியள். எந்தக் கலண்டரைப் பாத்தியளோ தெரியா. சில வருசம் சரியான நாளிலை எடுப்பியள். கன வருசம் அடுத்த நாள்தான் எடுப்பியள். நாங்கள் முதல் நாளே செய்து முடிச்சிருப்பம்."

"நடக்குது எண்டெல்லோ சொல்லுவியள்?"

"அம்மாதான் அப்பிடிச் சொல்லச் சொன்னவ. பிள்ளை தூரத்திலை இருந்து நாள் எண்ணிக்கொண்டிருக்குது, அதின்ரை மனதை முறிக்கக் கூடாது எண்டு." அவள் மடித்த இலையைத் தள்ளி வைத்தாள். "ஆனா பொய் சொல்லவும் அவவுக்கு மனமில்லை. முதல் நாள் உங்கடை ஃபோன் வரேல்லை எண்டால், அடுத்த நாள் விடிய எழும்பி முழுகி, திரும்பவும் எல்லாக் கறியும் சமைச்சு, அப்பாவின்ரை படத்துக்கு முன்னாலை ஒரு இலை போடுவா. போட்டிட்டு ஃபோனுக்குப் பக்கத்திலை வந்து குந்தியிருப்பா."

எனக்குக் கண் மறைத்தது. அழுகையை அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. தம்பி என் முதுகில் கை வைத்தான்.

"எத்தினை வருசம்?" என்று கேட்டேன்.

"அவவாலை அடுப்படியிலை நிக்க ஏலுமட்டும்" என்றாள் தங்கச்சி.