பத்தடிக் கட்டையும் என் ஓரகத்தியும்

தஞ்சாவூரில் நான் படங்களுக்குப் பிரேம் போடும் கடை வைத்திருந்த கட்டடத்தை இடிக்கப்போவதாக அதன் சொந்தக்காரர் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பக்கத்தில் வேறு கடை கிடைக்கவில்லை. சரி போகட்டும், சாமான்களை வீட்டுக்கே கொண்டுபோய்விடலாம் என்று முடிவு செய்தேன். எங்கள் ஊர் பஸ்ஸில் அரைமணி நேரம்தான்.

என் வீட்டுக்காரருக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. "வீடா, பட்டறையா?" என்றார். அதோடு விட்டாரா? ஒரு கெடுவும் வைத்தார்.

"வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள எல்லாம் உள்ள அடங்கணும். ஒரு பிரேம் உருப்படியா வெட்டிக் காட்டணும். இல்லேன்னா பழைய மெஷின் வாங்குற பட்டுக்கோட்டைக்காரர் வண்டியோட வந்து மெஷினை ஏத்திக்கிட்டுப் போயிடுவாரு. பேசியாச்சு."

பேசியாச்சாம்! என் மெஷினை, என்னிடம் பேசாமல். அது காலால் மிதித்து வெட்டுகிற இரும்பு மெஷின். கட்டையை அதன் வாயில் கொடுத்து மிதித்தால் இரண்டு கத்தி இறங்கி, மூலைக்கு வேண்டிய சாய்வில் சீவித் தள்ளிவிடும். அது போய்விட்டால் நான் பிரேம் போடுகிறவள் இல்லை, பிரேம் போட்ட படத்துக்குக் கீழே உட்கார்ந்து சீரியல் பார்க்கிறவள். அதற்கு நான் தயாராக இல்லை.

எங்கள் ஹால் எட்டடிக்கு ஒன்பதடி. கண்ணாடிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். வெட்டும் மேசைக்குக் கீல் வைத்து, வேலை முடிந்ததும் சுவரோடு மடித்துவிடும்படி செய்தேன். மூலையில் ஆணி இறக்குகிற மெஷினுக்குக் காற்று வேண்டும். அந்தக் கம்ப்ரசரை வைக்க இடமில்லாமல் குளியலறையில் வைத்தேன். காற்று நிறைந்ததும் அது 'புஸ்ஸ்ஸ்' என்று மூச்சு விடும். இவர் தலையில் சீயக்காயோடு இருந்த நேரம் பார்த்து அது மூச்சு விட்டது. "பாம்பு! பாம்பு!" என்று துண்டோடு தெருவுக்கே ஓடிவிட்டார். நாலு பேர் கம்போடு வந்து கம்ப்ரசரைச் சுற்றி நின்றார்கள்.

அதெல்லாம்கூடச் சமாளித்தேன். தலைவலி கட்டையில் வந்தது. பிரேம் கட்டை பத்தடி நீளம் வரும். மெஷினின் ஒரு பக்கத்தில் அந்த நீளம் முழுக்கப் படுக்க வேண்டும். தெருப் பக்கம் திருப்பினேன். வாசலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்த முனை, பால்காரர் வண்டியில் மாட்டிக்கொண்டு அவரோடு கிளம்பிவிட்டது. சமையலறைப் பக்கம் திருப்பினேன், முனை சாம்பாருக்குள் போயிற்று. மூலைவாட்டாகப் போட்டால் சாமி அலமாரியில் இடித்து விளக்கு சாய்ந்தது.

"ரெண்டா நறுக்கி உள்ள கொண்டாயேன்" என்றார் இவர்.

"ஒங்க வேட்டிய ரெண்டா நறுக்கிக் கட்டிக்கிறீங்களா?" என்றேன். பெரிய படத்துக்கு மூணடி வேண்டும் என்றால், முழுக் கட்டையில் மூணு பக்கம் வரும்; அஞ்சடித் துண்டில் ஒரு பக்கம்தான் வரும், மிச்சம் அடுப்புக்குத்தான். இதைக்கூட விளக்க வேண்டியிருந்தது.

பாக்கி இருந்தது ஒரே திசை. அங்கே சுவர்.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வாய்க்காலில் யார் வயலுக்கு முதலில் தண்ணீர் என்று இவருக்கும் இவர் அண்ணனுக்கும் தகராறு வந்து, அது பாகப்பிரிவினையில் முடிந்து, ஹாலுக்கு நடுவே ஒற்றைச் செங்கல் கனத்தில் சுவராக எழும்பி நின்றது. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது, நல்லது கெட்டது எதற்கும் போக்குவரத்து கிடையாது. அண்ணனின் மனைவி, என் ஓரகத்தி, சுவருக்கு அந்தப் பக்கம் டிவி பார்ப்பாள். எனக்கு இந்தப் பக்கம் வசனம் முழுக்கக் கேட்கும். படம் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

சுவரில் இடுப்பு உயரத்தில் பழைய தண்ணீர்க் குழாய் போன ஓட்டை ஒன்று துணி அடைத்துக் கிடந்தது. துணியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, தோசைத் திருப்பியால் அதைச் சுரண்டிப் பெரிதாக்கினேன். அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"இந்த வீட்டுல எலி ரொம்பக் கொழுத்துப்போச்சு!"

பேச்சு இல்லை என்றால் வாயையே திறக்கமாட்டோம் என்று அர்த்தமில்லை. ஜாடை என்று ஒன்று இருக்கிறது. பேசாத வீட்டாரைத் திட்ட வேண்டுமானால் கோழியைத் திட்டுவோம், பூனையைத் திட்டுவோம். கேட்க வேண்டியவர் காதில் விழுந்துவிடும், பேசினதாகவும் ஆகாது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு சுரண்டி முடித்து, சனிக்கிழமை மத்தியானம் கட்டையை ஓட்டைக்குள் விட்டேன். ஜம்மென்று போயிற்று. ஆனால் அந்தப் பக்கம் முட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லாமல் முனை தொங்கியது. முனை தொங்கினால் வெட்டு கோணும், மூலை ஒட்டாது. இரண்டு கட்டை பாழ்.

"ஏ கட்டை! யாரைக் கேட்டு என் வீட்டுக்குள்ள மூக்க நீட்டுற?" என்றாள் ஓரகத்தி.

எனக்கும் கோபம் தலைக்கு ஏறியிருந்தது. கட்டையின் என் பக்கத்து முனையைப் பார்த்து, "கட்டையே, ஒனக்கு முட்டுக்கொடுக்க நாதியில்ல. நீ தொங்குறதுல என் பொழப்பும் தொங்குது. நாளைக்கு மெஷினைப் பட்டுக்கோட்டைக்கு ஏத்திடுவாங்க. நீ போயி அடுப்புல எரி!" என்று கத்தினேன்.

அந்தப் பக்கம் டிவி அணைந்தது. பிறகு கட்டை மெதுவாக நிமிர்ந்தது.

"அதுக்காக இப்படியா தொங்குவ? நேரா நில்லு, சனியனே" என்றாள், கட்டையிடம்.

மிதித்தேன். வெட்டு அப்படி ஒரு வெட்டு. நாலு மூலையும் மயிரிழை போகாதபடி ஒட்டிக்கொண்டது. மறுநாள் வந்த பட்டுக்கோட்டைக்காரர் பிரேமைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், காபி குடித்தார், "விடுறதா இருந்தா எனக்கே சொல்லுங்க" என்று காலி வண்டியோடு போனார். இவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. மத்தியானம் நான் கட்டையை நீட்டுவேன். "இன்னிக்கு என்ன கட்டை? கல்யாணமா, காரியமா?" என்பாள். "காரியம்தான் கட்டை. பதினாறாம் நாளுக்குள்ள படம் வேணுமாம்" என்பேன். "அப்ப பாத்து வெட்டு. போனவங்க படம், மூலை வாய் பொளந்துகிட்டு நிக்கக்கூடாது" என்பாள். முட்டி வலியைக் கட்டையிடம் சொன்னாள். சிங்கப்பூரில் இருக்கிற மகள் போன் பண்ணுவதே இல்லை என்று கட்டையிடம் அழுதாள். நானும் இவரைப் பற்றி இருந்ததையெல்லாம் கட்டையிடம் கொட்டினேன். யாரிடமும் அவ்வளவு பேசியதில்லை. சில நாள் வெட்ட வேலையே இருக்காது, சும்மாவாவது ஒரு கட்டையை நீட்டுவேன்.

இப்படி நன்றாக இருந்த நேரத்தில்தான் அண்ணனும் தம்பியும் ராசியானார்கள். சொந்தக்காரர் வீட்டுக் காதணி விழாவில், பந்தி போட்டவன் விவரம் தெரியாமல் இரண்டு பேரையும் பக்கத்து பக்கத்து இலையில் உட்கார வைத்துவிட்டான். பாயசம் வந்தபோது அண்ணன், "தம்பிக்கு இன்னொரு கரண்டி ஊத்துப்பா" என்று சொன்னாராம். இவர் இலை முன்னாலேயே தேம்பித் தேம்பி அழுதாராம். தோளில் கைபோட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்கள்.

மறுநாள் ஓரகத்தி பட்டுப்புடவையில், தட்டில் பழம் வெற்றிலையோடு, ஒரு தூக்கில் சாம்பாரோடு வாசல் வழியாக வந்தாள்.

"நல்லா இருக்கீங்களா?" என்றாள். என்னை 'ங்க' போட்டுப் பேசினாள்! ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தோம்.

"மழை வரும் போலருக்கு" என்றேன்.

"ஆமாங்க, வரும்" என்றாள்.

அவள் முட்டி எந்த மாத்திரைக்குக் கேட்கும், எதற்குக் கேட்காது என்று எனக்குத் தெரியும். அப்படியிருக்க, "முட்டி வலி எப்படிக்கா?" என்று புதிதாகக் கேட்கவேண்டியிருந்தது. "பரவால்லங்க" என்றாள். எனக்கு மனசு கஷ்டமாகப் போய்விட்டது.

அதைவிடப் பெரிய இடி அன்று சாயங்காலம் விழுந்தது. "ஒண்ணாயிட்டோம்ல, எதுக்கு இனி ஓட்டை? ஊரு சிரிக்கும். நாளைக்கு மேஸ்திரி வர்றாரு" என்றார் இவர்.

"ஒண்ணாயிட்டோம்னா சுவத்தையே இடிங்களேன்" என்றேன். அண்ணனும் தம்பியும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"சுவரு பத்திரத்துல இருக்கு" என்றார் அண்ணன். "ஓட்டை பத்திரத்துல இல்ல."

"அப்ப என் மெஷின்?"

"அதான் பட்டுக்கோட்டைக்காரர் இருக்காரே" என்றார் இவர். சண்டை போட்டிருந்த காலத்தில் பிழைத்துக் கிடந்த என் தொழில், சமாதானத்தில் போகப்போகிறது. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

கடைசியாக ஒரு கட்டையை நீட்டினேன். அந்தப் பக்கம் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"கட்டை, நாளைக்கு அடைக்கிறாங்களாமே" என்றாள்.

"ஆமா கட்டை."

"அப்ப மெஷின் போயிடுமா?"

"போயிடும்."

வெகுநேரம் அவள் கட்டையை விடவில்லை.

காலையில் மேஸ்திரி வந்து சிமெண்ட்டைக் குழைத்தார். அண்ணனும் தம்பியும் டீ குடித்துக்கொண்டே மேற்பார்வை பார்த்தார்கள். மேஸ்திரி கரண்டியை எடுத்து ஓட்டைக்குக் கொண்டுபோகிற நேரம், ஓரகத்தி கொண்டையை முடிந்துகொண்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"யாருடி என் சாம்பார்ல உப்பு இல்லேன்னது?"

யாருமே சொல்லவில்லை. நான் அதை வழித்துத் தின்றிருந்தேன். "நான் எப்பக்கா சொன்னேன்?" என்று விழித்தேன்.

"வாய மூடுடி, மரத்தூள் மூஞ்சி! ஒரு மூலையாவது ஒழுங்கா ஒட்டத் தெரியுமா ஒனக்கு? நீயெல்லாம் என் சாம்பாரைச் சொல்ல வந்துட்ட!" என்று ஆரம்பித்தவள், அதற்குப் பிறகு சொன்னதையெல்லாம் அச்சில் போடமுடியாது. அண்ணன், "ஏ புள்ள, என்ன ஆச்சு ஒனக்கு?" என்று எழுந்தார். அவள் மேஸ்திரி கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினாள். "இது பொதுச் சுவரு! என் பாதியில ஒரு கரண்டி சிமெண்ட் பட்டுச்சு, தெரியும் சேதி! இந்த வீட்டோட இனி பேச்சும் கெடையாது, நல்லது கெட்டதும் கெடையாது!"

சொல்லிவிட்டு என் மெஷினை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"போ போ! உப்பு மட்டுமா, ஒன் சாம்பார்ல பருப்பே இல்ல!" என்று அடித்தொண்டையில் கத்தினேன். "என் பொண்டாட்டி சாம்பாரையா?" என்று அண்ணன் கிளம்ப, "என் பொண்டாட்டி மூஞ்சியையா?" என்று இவர் கிளம்ப, அஞ்சாவது நிமிஷம் பேச்சு வாய்க்கால் தண்ணிக்குப் போய்விட்டது. மேஸ்திரி சிமெண்ட்டைச் சட்டிக்குள் வழித்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

நான் கத்திக்கொண்டே அழுதேன். சந்தோஷம் தாங்கவில்லை. என்னை எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள். எனக்காக அவ்வளவு அசிங்கமாக ஒருத்தியும் திட்டியதில்லை.