சேகரின் காதில் இருந்த பஞ்சு

கடப்பாக்கம் கோட்டையில் படப்பிடிப்பு. நான் சுடப்பட்டுச் சாகிற அடியாள். துப்பாக்கிகளுக்குப் பொறுப்பு சேகர். பத்து வருடமாக என் அறைத்தோழன்.

முந்தைய நாள் பிஸ்டல். குண்டில்லாத தோட்டாவாக இருந்தாலும் அடுத்த தோட்டா தானாக ஏற வேண்டும். அந்த அழுத்தத்துக்காகக் குழாயின் முன்பக்கத்தை ஏறக்குறைய அடைத்திருப்பார்கள், நெருப்பு அதிகம் வெளியே வராது. அன்றோ ரிவால்வர். விசையை இழுத்தாலே உருளை சுழலும், அடைப்பு தேவையில்லை. அதனால் நெருப்பும் அதிர்வும் நேராக முன்னால்தான் பாயும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கதாநாயகன் ரிவால்வரை என் காதருகே நீட்டினார். "இவ்ளோ கிட்டயா?" என்று கேட்டேன்.

"குண்டே இல்ல மச்சான், இன்னாத்துக்கு பேஜாராவுற? நேத்து மாதிரிதான்" என்ற சேகர், தன் காதுகளில் பஞ்சை அடைத்து, மீதியைப் பையில் போட்டுக்கொண்டு தள்ளிப் போய் நின்றான். அதைப் பார்த்தும் நான் எதுவும் கேட்கவில்லை. நண்பனாயிற்றே!

கதாநாயகன் விசையை இழுத்த அடுத்த நொடி கன்னம் வெந்தது, காதில் ரத்தம் வழிந்தது.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு என்னைப் பார்க்க வந்த சேகரிடம், "உனக்குத் தெரியும்தானே?" என்றேன்.

"சொல்லியிருந்தா நீ நின்னுகினு இருப்பியா மச்சான்? ஷாட்டு போயிருக்கும்."

அந்த வலது காது இன்றும் கேட்பதில்லை. குண்டு இல்லை என்று அவன் சொன்னது உண்மைதான். ஆனால் பையில் மீதிப் பஞ்சு இருந்ததே, அதில் ஒரு துண்டு எனக்குக் கிள்ளிக் கொடுத்திருக்கலாம்.