கனெக்டிகட்டை விடப் பெரிய மாவட்டம்

டெக்சாஸில் எங்கள் புரூஸ்டர் மாவட்டத்தின் தென்பகுதிக்குத் தபால் கொண்டுவருபவள் வெல்டா ஹார்கிரோவ். இருபத்தாறு வருடமாக ஒரு நாள் தவறியதில்லை. கனெக்டிகட் மாநிலத்திலிருந்து புதிதாக வந்த மேலதிகாரி, "பதினோரு வீட்டுக்குத் தபால் போட ஒரு நாள் பூரா வேணுமா?" என்று நக்கலாகக் கேட்டான்.

"உங்க மாநிலத்தையே தூக்கி எங்க மாவட்டத்துக்குள்ள வெச்சாலும் மாடு மேய்க்க இடம் மிஞ்சும், தம்பி. வண்டியில ஏறுங்க."

மூன்று மணி நேரத்தில் எதிரே ஒரே ஒரு லாரி வந்தது. வெல்டா ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினாள், லாரிக்காரனும் தூக்கினான்.

"சொந்தக்காரரா?"

"யாருன்னே தெரியாது. இவ்வளவு தூரத்துல ஒரு மனுசன் எதிர்ல வந்தா, கண்டுக்காம போற அளவுக்கு நாங்க இன்னும் கெட்டுப்போகல."

திரும்பும்போது தொலைவில் ஒரு வண்டி தெரிந்தது. வெல்டாவுக்கு முந்தி மேலதிகாரியின் விரல் எழுந்தது.