பரியம் போட்டேன் என்றேன்

என் மனைவி வாந்திபேதியில் போய்ச் சேர்ந்தாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு அவள் தம்பி வந்தான். சாப்பிட்டுக் கை கழுவியதும், "மாமா, வூடு அக்கா பேர்ல கீது. புள்ள குட்டியும் இல்ல. அது எங்களுக்குத்தான் வரும்" என்றான். எனக்குக் கோபம்கூட வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. ராயபுரத்தில் அந்த இடத்தை அவள் பேருக்கு எழுதிக் கொடுத்தது அவர்கள் அம்மா. அதில் சுவர் எழுப்பி ஓடு போட்டது நான். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காசில் ஒவ்வொரு அறையாகக் கட்டினேன். அந்த வீட்டில்தான் அவள் செத்தாள், அங்கேயே நானும் சாக வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை.

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கோர்ட்டுக்குப் போய்விட்டான்.

நான் அமர்த்திய வக்கீல் நல்ல மனிதர்தான். பிள்ளையில்லாமல் செத்தவள் சொத்து யாருக்கு என்பது கல்யாணம் எப்படி நடந்தது என்பதைப் பொறுத்ததாம். பெண்ணைத் தானமாகக் கொடுத்திருந்தால் புருஷனுக்கு. பெண் வீட்டார் பரியம் என்று காசு வாங்கியிருந்தால் அது அசுரக் கல்யாணம், சொத்து பிறந்த வீட்டுக்கே திரும்பிப் போய்விடும். வாங்கினவனுக்கு வீடு, கொடுத்தவனுக்குத் தெரு. இதை எழுதிய மகான் யாரென்று கேட்டேன். வக்கீல் குரலைத் தாழ்த்தி, "பரியம் கொடுத்தியான்னு கேப்பாங்க. புடவையும் வெத்தலை பாக்கும்தான் வச்சேன்னு சொல்லு. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

வாய்தா அன்று எங்கள் தெருப் பெண்கள் பாதிப் பேர் கோர்ட்டில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். இவர்களோடுதான் என் மனைவி தினமும் குழாயடியில் மல்லுக்கட்டுவாள். சண்டை முற்றினால், "நான் பரியம் போட்டு வந்தவடி!" என்று குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கிளம்புவாள். அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். எங்கள் ஜனத்தில் பரியம் இல்லாமல் வந்தவள் என்றால் ஓடி வந்தவள் என்றுதான் அர்த்தம்.

எதிர்க்கட்சி வக்கீல் கேட்டார். "பெண் வீட்டுக்குப் பரியம் கொடுத்தாயா?"

இல்லை என்ற சொல் நாக்குவரை வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தேன். செத்தவளை அவர்கள் முன்னால் ஓடி வந்தவளாக ஆக்க எனக்கு வாய் வரவில்லை.

"போட்டேன் சாமி. தாம்பாளத்துல பணம் வச்சி, மோளம் அடிச்சி, தெருவே பாக்கத்தான் எடுத்துக்கினு போனேன். அவ ஒண்ணும் சும்மா வந்தவ இல்ல."

என் வக்கீல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

தீர்ப்பு எதிர்பார்த்தபடியே வந்தது. வெளியே வேப்ப மரத்தடியில் மச்சினன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "எங்கக்கா மானத்தக் காப்பாத்திட்ட மாமா" என்றான். மனசாரத்தான் சொன்னான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அதே மச்சினன் அடுத்த வாரமே வந்து, எப்போது காலி செய்கிறாய் என்று கேட்டான். அவன் பெண்டாட்டி அடுப்பங்கரையை அளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிரங்குப் பெட்டியோடு வியாசர்பாடியில் ஒரு வாடகை அறைக்குப் போனேன். உண்மை பேசினோம் என்ற நிம்மதி வரும் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு வரவில்லை. குழாயடிப் பெண்களும் ஒரு மாதத்தில் அவளை மறந்துவிட்டார்கள். இன்று கேட்டால் பொய்தான் சொல்வேன்.

சில வருஷம் கழித்துச் சட்டத்தை மாற்றிவிட்டார்கள், கல்யாணம் எந்த வகை என்று இனி யாரும் கேட்க மாட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு வக்கீல் வீட்டுக்கு ஓடினேன். வக்கீல் இல்லை. குமாஸ்தா என் கேஸ் கட்டைப் பிரித்து, அவள் செத்த தேதியைப் பார்த்துவிட்டு மறுபடியும் கட்டினார்.

"இது இனிமே சாகறவங்களுக்குத்தான்யா" என்றார்.