கம்பிஹள்ளி வரிசையில் ஓர் எண்

கர்நாடக மலைநாட்டில், முடிகெரே பக்கத்தில் இரண்டு பேர் சந்தித்தால் நலம் விசாரிப்பதற்கு முன்பே "மளெ எஷ்டு?" என்று கேட்டுக்கொள்வார்கள். எவ்வளவு மழை என்றுதான் அர்த்தம். ஹம்ஸா தன் வலைப்பதிவுக்கு அதையே பெயராக வைத்தாள். காபித் தோட்டம் உள்ளவர்கள் அவரவர் வீட்டு மழைமானியைக் காலை எட்டு மணிக்குப் பார்த்து, எத்தனை அங்குலம் எத்தனை சென்ட் என்று எழுத வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை. நூறு சென்ட் ஓர் அங்குலம். முதல் மாதம் ஒன்பது பேர் எழுதினார்கள். மூன்றாவது வருடம் நானூற்றுப் பதினெட்டுப் பேர்.

ஹம்ஸாவின் அப்பா ஹூவய்யா இருபத்தெட்டு வருடம் மல்லே கௌடரின் எஸ்டேட்டில் கூலி வேலை பார்த்தவர். கம்பிஹள்ளியில் சொந்தமாக இரண்டு ஏக்கர் ரொபஸ்டா காபி வைத்திருந்தார். அந்த வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் ஹம்ஸா. பட்டியலை ஊர்ப் பெயரின் அகர வரிசையில்தான் அவள் போட்டாள். அதனால் கௌடரின் இருநூறு ஏக்கருக்கும் அவர்களுடைய இரண்டு ஏக்கருக்கும் ஒரே அகலத்தில் ஒவ்வொரு கட்டம் கிடைத்தது. கௌடரே ஒருமுறை போன் செய்து, "என்னம்மா, உங்க கம்பிஹள்ளி வரி இன்னும் வரலையே, தூங்கிட்டியா?" என்று கேட்டார். அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

கூட்டம் பெருகியதற்கு அவள் செய்த ஓர் ஏற்பாடும் காரணம். ஒரு நாளும் விடாமல் எழுதுகிறவர்களின் பெயருக்குப் பக்கத்தில் எத்தனை நாள் என்று ஓர் எண் தானாக ஏறும். ஒரு நாள் விட்டால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். வயதான தோட்டக்காரர்கள்கூட இதற்காகக் கல்யாண வீட்டிலிருந்து காலையில் வீட்டுக்கு ஓடினார்கள். மழையே இல்லாத ஜனவரியிலும் நானூறு பேர் பூஜ்யம் பூஜ்யம் என்று எழுதினார்கள். ஹம்ஸாவின் பெயருக்குப் பக்கத்தில் அறுநூற்றுப் பத்து இருந்தது. அதுதான் இருப்பதிலேயே பெரியது.

மார்ச் மாதம் பெங்களூரில் ஒரு கல்லூரி அவளைப் பேச அழைத்தது. இணையத்தில் ஒரு குழு வெற்றி பெறுவது எப்படி என்பது தலைப்பு. செவ்வாய்க்கிழமை கிளம்பினாள். அன்று இரவே ஊரில் பூ மழை பெய்தது. காபி பூப்பதற்கு அந்த முதல் மழை ஓர் அங்குலமாவது இருக்க வேண்டும். குறைந்தால் மொட்டு பாதியில் நின்று சிவந்து கருகிவிடும். அப்போது சில நாட்களுக்குள் ஜெட் போட்டாக வேண்டும், அதாவது குழாய் பூட்டிச் செடிகளின் மேல் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

புதன்கிழமை காலை விடுதி அறையிலிருந்து அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"மழை எப்படிம்மா?"

"செம மழை. தகரத்து மேல அடிச்ச சத்தத்துல உங்கப்பா பேசினதே காதுல விழல. விழாததும் நல்லதுக்குத்தான்."

மணி எட்டு இருபது. கௌடரின் எஸ்டேட்டில் ஓர் அங்குலம் இருபது என்று பட்டியலில் வந்திருந்தது. அது கம்பிஹள்ளியிலிருந்து இரண்டு கிலோமீட்டர். ஹம்ஸா ஓர் அங்குலம் பத்து என்று எழுதினாள். அறுநூற்றுப் பதினொன்று ஆனது.

கூட்டத்தில் ஒரு மாணவி எழுந்து, "உங்க வெற்றியோட ரகசியம் என்ன மேடம்?" என்று கேட்டாள்.

"பூஜ்யம்தான்" என்றாள் ஹம்ஸா. "மழை இல்லாத அன்னிக்கும் ஒருத்தர் போய்ப் பார்த்து, இல்லைன்னு எழுதறார் பாருங்க, அந்த ஆள்தான்."

நன்றாகக் கைதட்டினார்கள். மேடையில் கொடுத்த பூச்செண்டைப் பேருந்தில் எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

வியாழக்கிழமை மதியம் வீட்டுக்கு வந்ததும் நேராக மழைமானியிடம்தான் போனாள். அவள் இல்லாதபோது யாரும் அதைத் தொடக்கூடாது என்பது வீட்டு விதி. உள்ளே தண்ணீர் அப்படியே இருந்தது. குனிந்து பார்த்தாள். முப்பத்திரண்டு சென்ட். வெயிலில் கொஞ்சம் வற்றியிருக்கும் என்று வைத்தாலும் முப்பத்தைந்தைத் தாண்டாது. மழை நடுவிலிருந்த மேட்டின் அந்தப் பக்கம், கௌடரின் எஸ்டேட்டிலேயே கொட்டிவிட்டுப் போயிருந்தது. இந்தப் பக்கம் விழுந்தது தகரத்தைத் தட்டும் அளவுக்குத்தான்.

முதலில் நினைவுக்கு வந்தவர் முன்பு அவளுக்குப் பாடம் எடுத்த வாரிஜா டீச்சர். பக்கத்து ஒன்றரை ஏக்கர் அவருடையது. இப்போது ஹாசன் பக்கம் ஒரு பள்ளியில் வேலை. சனி, ஞாயிறுதான் வருவார். அவரிடம் மழைமானி கிடையாது. ஹம்ஸாவின் வரியைப் பார்த்துத்தான் போனிலேயே தோட்டத்தை நடத்துவார். ஹம்ஸா அவரைக் கூப்பிட்டாள்.

"டீச்சர், ஜெட் போடறீங்களா?"

"எதுக்கு ஜெட்டு? நீதான் ஒண்ணு பத்துன்னு போட்டிருக்கியே. நேத்தே குழாய், இன்ஜின் எல்லாத்தையும் பேலூருக்கு என் தம்பி தோட்டத்துக்கு அனுப்பிட்டேன். அவனுக்கு அங்க ஒரு சொட்டு இல்ல, பாவம். ஏன் கேக்கற?"

"சும்மாதான் டீச்சர்."

போனை வைத்த பிறகு அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. டீச்சரிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லிவிட்டால் என்ன? ஆனால் அந்த வரியை வேறு யார் யார் பார்த்திருப்பார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? எல்லோருக்கும் சொன்னால், ஹூவய்யாவின் மகள் இருந்த இடத்திலிருந்தே மழை அளந்தாள் என்று ஊர் பேசும். கௌடரின் ரைட்டர், அதாவது எஸ்டேட் கணக்குப்பிள்ளை, அளந்து சொன்னால் யாரும் சந்தேகப்படுவதில்லை. தன் எண்ணை நம்ப வைக்கத்தான் அறுநூறு நாள் தேவைப்பட்டது என்று அவள் எப்போதும் நினைத்திருந்தாள். அன்று அவள் எதுவும் எழுதவில்லை.

மறுநாள் காலை அரிசிக் கடுபு தின்றுகொண்டிருந்தபோது அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அம்மா ஜயம்மா கை கழுவி வந்து உட்கார்ந்தாள்.

"ஏன்டீ, என்னைக் கேட்டிருந்தா நான் போய்ப் பார்த்துச் சொல்லியிருப்பேனே?"

"உனக்கு அதுல கோடு பார்க்கத் தெரியாதேம்மா."

"எஸ்டேட்ல காபிப் பழம் பறிச்சு மூட்டையை எடை போடறப்போ தராசு முள்ளைப் பார்த்தது யாரு, உங்க காலேஜா? அரைக்கிலோ குறைச்சுச் சொன்னா ரைட்டரையே நிக்க வெச்சுக் கேட்டவ நான்."

ஹம்ஸா தட்டை ஒதுக்கிவைத்தாள். எங்கோ இருக்கும் நானூறு பேருக்கு அளக்கக் கற்றுக்கொடுத்தவள், ஒரே கூரைக்குக் கீழ் இருந்தவளைத் தொடாதே என்றிருந்தாள். படித்தவள் கையில்தான் அளவு இருக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தானாகவே அப்படி நினைத்துவிட்டிருந்தாள்.

எட்டு மணிக்கு முன்பே எழுதினாள். 'புதன்கிழமை கம்பிஹள்ளி வரியில் நான் போட்டது பொய். நான் அப்போது பெங்களூரில் இருந்தேன். உண்மையில் முப்பத்திரண்டு சென்ட்தான். அதை நம்பியவர்கள் உடனே ஜெட் போடுங்கள். நேற்றே தெரிந்தும் சொல்லாமல் இருந்துவிட்டேன்.' பிறகு எல்லோர் பெயருக்கும் பக்கத்தில் இருந்த நாள் எண்ணை எடுத்துவிட்டு, 'பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்று எழுதலாம்' என்று ஒரு வரி சேர்த்தாள்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. ஒருவர், 'என் நானூற்று முப்பது நாளை ஏனம்மா எடுத்தாய்? நான் என்ன பாவம் செய்தேன்?' என்று சண்டைக்கு வந்தார். இன்னொருவர், இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே தன் ஊரின் அன்றைய பூஜ்யத்தையும் போட்டார். மல்லே கௌடர் போன் செய்தார்.

"ஏம்மா, ஞாயித்துக்கிழமை என் எண்ணையெல்லாம் ரைட்டர்தான் சொல்றான். அவன் மானியைப் பார்த்துச் சொல்றானா, மட்டன் கடை வரிசையில நின்னு சொல்றானான்னு யாருக்குத் தெரியும்? இனி அன்னிக்குப் பார்க்கலைன்னே போட்டுடு."

கடைசியாக வாரிஜா டீச்சரைக் கூப்பிட்டுச் சொன்னாள். டீச்சர் முழுவதையும் கேட்டார்.

"பதினோராம் வகுப்புல நீ பரீட்சையில காப்பி அடிச்சிருந்தா முட்டி போட வெச்சிருப்பேன். இப்ப என்ன பண்ணட்டும்? வை போனை. தம்பிகிட்ட குழாயைத் திருப்பிக் கேக்கணும். தரமாட்டான், கழுதை."

குழாய் ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது. தங்கள் இரண்டு ஏக்கரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, ஹூவய்யாவும் ஹம்ஸாவும் கூடவே நின்று இழுத்துப் பூட்டினார்கள். டீச்சர் தோட்டத்தின் ஆற்றோரப் பாதிக்கு அன்றே தண்ணீர் பாய்ந்தது. மேட்டுக்கு ஏறுவதற்குள் இன்ஜின் மக்கர் செய்து இன்னும் ஒன்றரை நாள் போயிற்று. அடுத்த வாரம் கீழ்ப்பாதி வெள்ளை வெளேரென்று பூத்தது. மேல்பாதியில் மொட்டுகள் துருப்பிடித்த நிறத்தில் கிளையோடு ஒட்டிக்கொண்டு நின்றன. டீச்சர் அதற்குள் நடந்து போனார். ஹம்ஸா பின்னாலேயே போனாள். ஒரு கிளையைப் பிடித்து விரலால் உருட்டினார் டீச்சர். மொட்டு பொடியாக உதிர்ந்தது.

"பட்டியலை வேற யார்கிட்டயாவது ஒப்படைச்சுடலாம்னு இருக்கேன் டீச்சர்."

"ஓஹோ. பண்றதைப் பண்ணிட்டு ஓடற யோசனையா?"

"என்னை இனி எப்படி நம்புவாங்க?"

"நான் நம்பப்போறதில்லை" என்றார் டீச்சர், சாதாரணமாக. தோள்பையைத் திறந்து அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்தார். புது மழைமானி. "முடிகெரேல வாங்கினேன். வாரநாள்ல எங்க தோட்டத்து மோனப்பன் பார்ப்பான். அவனுக்கு உங்கம்மா சொல்லிக்கொடுக்கறேன்னாங்க. நீ வேண்டாம்."

ஹம்ஸாவுக்கு முகம் சுட்டது. ஆனாலும் பெட்டியை வாங்கிப் பிரித்தாள். டீச்சர் அதைச் சில்வர் ஓக் மரத்தடியில் நிறுத்தப் பார்த்தார்.

"மரத்தடி வேண்டாம் டீச்சர். இலைச்சொட்டும் சேர்ந்து விழும். வெட்டவெளியா இருக்கணும்."

"சரி, நீயே சொல்லு, எங்க?"

கொட்டகைக்கு அப்பால் காபி காயவைக்கும் களத்தின் ஓரத்தில் இடம் பார்த்துக் குழி தோண்டினாள். டீச்சர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். மண்ணை மிதித்து இறுக்கியபோது, ஹம்ஸாவின் வீட்டு மானி அங்கிருந்து கூப்பிடும் தூரத்தில் தெரிந்தது.

"ரெண்டும் இவ்வளவு பக்கத்துல இருக்கு. பட்டியல்ல என் பேர்ல தனி வரி வருமா, இல்ல கம்பிஹள்ளிக்கு ஒண்ணுதானா?" என்றார் டீச்சர்.

"தனி வரிதான்."

"உன்னோடதுக்கு மேலயா, கீழயா?"

"அகர வரிசைப்படி" என்றாள் ஹம்ஸா. "ஊர் ஒண்ணுன்னா பேர் பார்த்து. நீங்க எனக்கு மேல வருவீங்க."

"அப்படித்தான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டு டீச்சர் சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.