மல்லாட்டை முறை

ஆவடி ஸ்டேஷன் வாசலில் தள்ளுவண்டிக்காரர் மூடியைத் திறந்ததும் எழுந்த அவித்த கடலை ஆவியில், இன்று கார் பார்க்கிங்காகிவிட்ட எங்கள் குவார்ட்டர்ஸ் பால்வாடி திரும்பி வந்தது. ஃபேக்டரி அப்பாக்கள் பேக்கிங் பெட்டிப் பலகையில் அடித்துக் கொடுத்த பெஞ்சில் நாங்கள் உட்கார்ந்திருக்க, தின்பண்டம் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் முறைவைத்து வரும். கொடுத்த வீட்டில் அதை எப்படிச் சொல்வார்களோ, அந்தச் சொல்தான் அன்றைய பாடம். டீச்சரம்மாவின் சொந்த யோசனை அது.

எங்கள் முறை வந்ததும் அம்மா அவித்தது வேர்க்கடலை. விழுப்புரத்துக்காரர்களான எங்களுக்கு வேர்க்கடலை என்றால் மல்லாட்டை. "இன்னாடா மல்லாட்ட, மாட்டுக்கு வைக்கறதா?" என்று ஆவடிக்காரன் சேகர் முன்பே ஓட்டியிருந்தான். அதனால் தூக்குவாளியைக் கட்டிப்பிடித்தபடி வழியெல்லாம் "வேர்க்கடலை, வேர்க்கடலை" என்று ஜெபித்துக்கொண்டே போனேன்.

கூட வந்த அம்மாவோ, டீச்சரம்மா கேட்டதும் "மல்லாட்டைங்க" என்று சொல்லிவிட்டாள். வகுப்பே அதை ராகம் போட்டுக் கத்தியது, தோலுரித்தது, தின்றது.

வாளியின் அடி தெரிந்தபோது சேகர் கையை நீட்டினான். "நைனா, இன்னும் கொஞ்சம் மல்லாட்ட குடு."

ஜெபித்த வாய் சும்மா இருக்குமா?

"அதெல்லாம் எங்க ஊட்ல இல்லடா, வேர்க்கடலதான் கீது."